மீரா பிள்ளையும் மீராப்பிள்ளையும்

இந்த மாலைக்கு மாண்பு சேர்த்து மேடையின் நடுவே வீற்றிருக்கின்ற அவைத்தலைவர் ஜனாப் அஸ்ஹர் அவர்களே, பள்ளிவாசல் பணிகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கின்ற மௌலவி அவர்களே, என்னைப் போலவே எல்லை வீதியைத் தாண்டிப் பாண்டிருப்பிலிருந்து இந்தக் கல்முனைக்குடிக்கு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் ஊர்ப் பெரியவர்களே, முக்காட்டுக்குள்ளே முகமலர்ச்சியை மறைக்க முடியாமல் அமர்ந்திருக்கின்ற தாய்மார்களே, அந்தத் தாய்மாரின் மடிகளில் இப்போதே உறங்கத் தொடங்கி, என் பேச்சைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்பு வழங்கிவிட்ட குழந்தைச் செல்வங்களே, உங்கள் அனைவர்மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நூலக வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். "சேர், இந்தியாவில பிறந்து உலகமெல்லாம் பரவின குடும்பப் பெயர் ஒண்டப் பத்திக் கதைக்கோணும்" என்றார்கள். எந்தப் பெயர் என்று நான் கேட்டேன். "அது உங்கட விருப்பம்" என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. வாசலில் நின்று கேட்டவர்களைப் பார்த்தேன், பெயர் கிடைத்துவிட்டது. பிள்ளை.

அன்பர்களே, என் பெயர் பூபாலசிங்கம். தகப்பனார் இளையதம்பி. என் பெயரிலே பிள்ளை இல்லை. ஆனால் என்னைப் பெற்றவளின் பெயர் அன்னப்பிள்ளை. இந்தியாவிலே ஓர் அன்பரிடம் இதைச் சொன்னேன். "பெண்ணுக்கா பிள்ளை?" என்று வியந்தார். "பெண்ணுக்கு இல்லாத பிள்ளை ஆணுக்கு எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். அவர் இன்னொரு தேநீருக்குச் சொல்லிவிட்டார்.

தாய்மார் பக்கம் சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். மடியில் கிடப்பவர்களை மட்டும் எழுப்பிவிடாதீர்கள்.

பிள்ளை என்றால் என்ன? குழந்தை. அவ்வளவுதான். முற்றத்திலே நடுகின்ற இளங்கன்று தென்னம்பிள்ளை. மதிலிலே ஓடுகின்றது அணிற்பிள்ளை. கூட்டிலே கொஞ்சுகின்றது கிளிப்பிள்ளை. மரத்துக்கும் மிருகத்துக்கும் பறவைக்கும் நாம் வஞ்சகமில்லாமல் வாரி வழங்கிய சொல் அது. அந்தச் சொல் அரண்மனைக்குள் நுழைந்தது எப்படி? அரசன் தனக்கு நெருங்கியவனை, நம்பிக்கைக்குரியவனை, நாட்டின் நிருவாகத்தை ஒப்படைக்கத் தக்கவனை, "நீ எனக்குப் பிள்ளை மாதிரி" என்றான் என்பார்கள். வாஞ்சையாகச் சொன்ன வார்த்தை வரிசையாயிற்று. வரிசை பட்டமாயிற்று. பட்டம் பரம்பரையாயிற்று. பாண்டி நாட்டிலே, நாஞ்சில் நாட்டிலே, மலையாளத்துத் திருவிதாங்கூரிலே பெயருக்குப் பின்னால் பெருமையாக வந்து அமர்ந்துகொண்டது. கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை ஆனார்.

பிறகு வெள்ளைக்காரனின் கப்பல்கள் வந்தன. கரும்புத் தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பல்களிலே, கட்டிய துணியோடு போனவர்கள் பெயரை மட்டும் கழற்றாமல் போனார்கள். இன்று தென்னாபிரிக்காவிலே ஒரு தெருவிலே நின்று "பிள்ளை" என்று கூப்பிட்டுப் பாருங்கள். தமிழே தெரியாத நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மொரிசியசிலே பார்ப்பார்கள். பீஜித் தீவிலே பார்ப்பார்கள். மொழி உதிர்ந்து போனது. சமையல் மாறிப்போனது. சாமி கும்பிடும் முறையும் மாறிப்போனது. பிள்ளை மட்டும் பிடித்த கையை விடாமல் நிற்கிறது.

சில ஊர்களிலே அதே பெயரைச் சாதிக்கு வேலியாகவும் கட்டினார்கள். அதையும் நான் மறைக்கவில்லை. குழந்தையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு கதவைச் சாத்திய கொடுமையும் நடந்திருக்கிறது.

நம் கரையிலே என்ன நடந்தது? பாண்டிருப்பிலே கந்தப்பிள்ளை. காரைதீவிலே சின்னப்பிள்ளை. கல்முனைக்குடியிலே மீராப்பிள்ளை. ஆணுக்கும் பிள்ளை, பெண்ணுக்கும் பிள்ளை, கோயிலுக்குப் போகிறவருக்கும் பிள்ளை, பள்ளிவாசலுக்குப் போகிறவருக்கும் பிள்ளை. இங்கே எந்த வீட்டிலாவது மனைவி கணவனின் பெயரைச் சொல்கிறாளா? "புள்ளட வாப்பா" என்கிறாள். குழந்தையை முன்னே நிறுத்தித்தான் புருஷனையே அறிமுகம் செய்கிறாள். இதைவிட அழகான முகவரி எந்த நாட்டிலே இருக்கிறது?

சரி. வரலாறு போதும் என்று தூணோரத்திலிருந்து ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவது அவருடைய கதை. கேட்டு, அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். அவர் பெயர் மீராப்பிள்ளை. உம்மாவின் வாப்பாவுக்கு இருந்த பெயர் அவருக்கு வந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. தொழில் கடல்.

வாடைக்காற்றுக் காலம். அவரோடு வழக்கமாகப் போகின்ற எங்கள் ஊர் வினோஜுக்கு அன்று காய்ச்சல். "நாளைக்குப் போவம் மச்சான்" என்று வினோஜ் சொன்னான். "இண்டைக்கு மீன் நிக்கிது, நான் ஒரு பாடு போய்ட்டு வாறன்" என்று இவர் தனியாகவே போட்டைக் கடலில் தள்ளினார். கரை மறைந்த பிறகு எஞ்சின் நின்றது. எத்தனை முறை கயிற்றை இழுத்தும் உயிர் வரவில்லை. நீரோட்டம் தெற்கே இழுத்தது. இலங்கையின் அடிவயிற்றைச் சுற்றி மேற்கே திருப்பியது. கரை எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போயிற்று. தறப்பாளை விரித்து மழையைப் பிடித்துக் குடித்தார். பச்சை மீனை மென்றார். பிறகு மழையும் பெய்யவில்லை, மீனும் அகப்படவில்லை. போட்டின் அடியிலே படுத்துக்கொண்டு, தன் பெயர் தனக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். மீராப்பிள்ளை, மீராப்பிள்ளை, மீராப்பிள்ளை.

கேரளத்துக் கொல்லத்து மீனவர்கள் ஆழ்கடலில் அவரைக் கண்டெடுத்தார்கள். கட்டெறும்பு போலக் கறுத்து, உதடு வெடித்து, கண் திறக்காமல் கிடந்தவரைக் கொண்டுபோய்த் தங்கள் ஊர் மருத்துவமனையிலே சேர்த்தார்கள். இடுப்பிலே கட்டிய சாரம் ஒன்றைத் தவிர உடம்பிலே வேறெதுவும் இல்லை. காய்ச்சலிலே வாய் மட்டும் முணுமுணுத்தது. "மீராப்பிள்ளை."

இப்போதுதான் பெயர் தன் விளையாட்டைத் தொடங்குகிறது. நமக்கு மீரா என்றால் மீரான், மீராசா, மீராலெப்பை. அமீர் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பார்கள். மலையாள நாட்டிலே மீரா என்றால்? கண்ணனைப் பாடிய பக்தையின் பெயர். பெண்ணின் பெயர். அங்கே யாரும் இவர் தன் பெயரைச் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. பாவம், யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தார்கள். மனைவியோ, மகளோ, சகோதரியோ. மறுநாள் பத்திரிகையிலே செய்தி வந்தது. கடலில் மீட்கப்பட்ட மனிதர், மயக்கத்தில் மீரா பிள்ளை என்ற பெண்ணை அழைத்துக்கொண்டிருக்கிறார், அறிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.

அந்த ஊரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வீட்டிலே, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் தனியாக வாழ்ந்துவந்தார். காலைச் செய்தியைப் படித்தார். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பெயர் மீரா பிள்ளை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். கோபன். தகப்பனாரோடு மனம் கசந்து, இளம் வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனவன். முதலில் எப்போதாவது தொலைபேசியில் பேசுவான். பிறகு அதுவும் இல்லை. தகப்பனார் இறந்தார், தாய் இறந்தார், கோபன் வரவில்லை. அவன் தன் அக்காவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வகுப்பிலே வரவு எடுக்கும் வாத்தியார் மாதிரி, முழுப்பெயரைச் சொல்லி "மீரா பிள்ளே" என்று நீட்டிக் கூப்பிட்டுக் கேலி செய்வான். அந்த வீட்டிலே அப்படி ஒரு குரல் கேட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கடலிலிருந்து வந்த ஒரு மனிதன் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று படித்தால், அந்தச் சகோதரிக்கு எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பாருங்கள். நல்ல சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு போனாராம். தம்பி பார்க்கப்போகிறான் அல்லவா?

கட்டிலருகே போனார். பார்த்தார். கோபன் இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு கணம் போதுமாக இருந்தது என்று அவரே என்னிடம் சொன்னார். திரும்பிப் போகத்தான் நினைத்தார். வாசல் வரைக்கும் போய்விட்டார். பின்னாலிருந்து அந்த மனிதர் முனகினார். "மீராப்பிள்ளை." ஆசிரியை நின்றார். மலையாளத்திலே அவர் சொன்னதை நான் தமிழிலே சொல்கிறேன். "என் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிடுகிறான். பதில் சொல்லாமல் எப்படிப் போவது?" வந்தார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்கேதான் இருக்கிறேன்" என்றார். அன்று முழுக்க, கூப்பிடும்போதெல்லாம் பதில் சொன்னார். வெடித்த உதட்டிலே கரண்டியால் இளநீர் விட்டார்.

மறுநாள் நம்மவர் கண்ணைத் திறந்தார். எதிரே சந்தனப் பொட்டோடு ஒரு பெண்மணி. "யாரு?" என்றார்.

"ஞான் மீரா பிள்ள" என்றார் அவர்.

நம்மவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கடல் தன்னிடமிருந்து பெயரையும் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது என்று நினைத்தாராம். பிறகு, இருந்த கொஞ்சப் பலத்தையும் திரட்டி, மூத்த அக்காவை அழைப்பதுபோல அழைத்துச் சொன்னார். "இல்ல ராத்தா. நான்தான் மீராப்பிள்ளை."

இருவருக்கும் விளங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் ஆசிரியை சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். இவருக்கும் உதடு நோக நோகச் சிரிப்பு. கூப்பிட்டது அவரை இல்லை, வந்தது இவருக்காக இல்லை. ஆனாலும் கூப்பிட்ட இடத்திலே ஒருவர் இருந்தார், வந்த இடத்திலே ஒருவர் கிடந்தார்.

இனிக் கல்முனைக்கு வாருங்கள். இங்கே என்ன நிலை? வினோஜ், பொத்துவில் வரைக்கும் கரையோரமெல்லாம் அலைந்து, அகப்பட்ட பலகைத் துண்டையெல்லாம் புரட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டான். உறவினர்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள். மீராப்பிள்ளையின் மனைவி சுபைறாவிடம், கணவனை இழந்த பெண் வீட்டுக்குள்ளே இருக்கவேண்டிய இத்தாவைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, கவலையால். உடல் இன்னும் கிடைக்கவில்லையே. பேச்செடுத்த மாமி ஒருவரிடம் சுபைறா சொன்னார்: "மையத்தக் காட்டுங்க மாமி, இப்பவே இருக்கன். காணாம நான் இருக்க மாட்டன்." வழக்கம்போல அடுப்பில் உலையை வைத்தார். கணவருக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

மீராப்பிள்ளை நினைவிலிருந்து சொன்ன இலக்கத்துக்கு ஆசிரியை அழைக்க, அந்த வீட்டுத் தொலைபேசி ஒரு பகற்பொழுதிலே அடித்தது. சுபைறா எடுத்தார்.

"ஹலோ, ஆரு?"

பெண்குரல் ஒன்று சொன்னது. "ஞான் மீரா பிள்ள."

சுபைறா குரலை உயர்த்தினார். "ஆரெண்டு கேக்கிறன்."

"மீரா பிள்ள."

"எங்கட புள்ளட வாப்பாட பேரச் சொல்லி விளையாடாதீங்க. உங்களுக்கும் வாப்பா, உம்மா இருப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்துவிட்டுத் தரையிலே அமர்ந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள் தம்பிமாரே. அந்த இடத்திலே இருந்திருந்தால் நீங்களும் வைத்திருப்பீர்கள்.

மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்தவர் மீராப்பிள்ளையின் தாயார் சபியா உம்மா. அதோ, தாய்மார் பக்கத்திலே முதல் வரிசையில் இருக்கிறார். நான் சொல்வது சரிதானே உம்மா?

"ஓம் தம்பி. நான்தான் எடுத்த."

கேட்டீர்களா? அவர்தான் எடுத்தார். மறுமுனையிலே மலையாளம் மழை போலக் கொட்டியது. உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டே சொற்கள் மட்டும் காதிலே தங்கின. பிள்ள. ஜீவனுண்டு. உம்மா கேட்டார்: "ஆர்ர புள்ள, மகள்? ஆருக்கு உசிர் இருக்கு?" ஆசிரியைக்கும் அது விளங்கவில்லை. அவர் ஒரு காரியம் செய்தார். தொலைபேசியை நோயாளியின் வாயருகே கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்து ஒரு குரல், காற்றுப் போல வந்தது.

"உம்மா."

அன்பர்களே, இறந்துவிட்டான் என்று ஊர் முடிவுகட்டிய மகன் பேசுகிறான். அந்தத் தாய் கதறினாரா? மயங்கி விழுந்தாரா? எங்கேயடா இருக்கிறாய் என்று கேட்டாரா? இல்லை. சபியா உம்மா கேட்டது ஒரே கேள்வி.

"சோறு திண்டியா மனே?"

(சற்றுப் பொறுங்கள். எனக்கே தண்ணீர் வேண்டும்.)

தூதரகம், பொலிஸ், பத்திரம் என்று அவரை ஊருக்கு அனுப்பும் அலுவல்கள் இழுபட்டன. அந்தக் காலமெல்லாம் ஆசிரியை நாள் தவறாமல் மருத்துவமனைக்குப் போனார். விசாரித்தவர்கள் "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்பார்கள். "ஒரே பெயர்" என்பாராம். புறப்படும் வேளையிலே இவர் கேட்டார்: "ராத்தா, உங்கட தம்பி இல்லையெண்டு கண்டதும் போயிருக்கலாமே?" அவர் சொன்னார்: "அவனும் எங்கேயோ ஒரு கட்டிலில் கிடந்திருப்பான். யாராவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படக் கூடாதா?"

ஈராண்டு கழித்து, மீராப்பிள்ளையின் மகள் பஸ்லியாவுக்குக் கலியாணம். கொல்லத்திலிருந்து ஆசிரியை வந்து இறங்கினார். அவர் மரக்கறி மட்டுமே சாப்பிடுவார் என்று அறிந்து, சபியா உம்மா புதுச் சட்டி வாங்கி வைத்து, வேறு அடுப்பு மூட்டித் தன் கையாலே பருப்பும் பூசணிக்காயும் சமைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, கூடத்தின் நடுவே சேலையும் சந்தனப் பொட்டுமாக ஒருவர் உட்கார்ந்திருக்கக் கண்டு, "இவங்க ஆரு?" என்று கேட்டார்கள். உம்மா யோசிக்கவில்லை. "என்ட மூத்த புள்ள" என்றார்.

அரசன் கொடுத்த பட்டம் பெரிதா? அந்தக் கூடத்திலே சபியா உம்மா கொடுத்த பட்டம் பெரிதா? பெயருக்குப் பின்னாலே பிறப்பிலேயே பிள்ளை இருந்தும், பெற்றவர்கள் போனபின் பிள்ளை என்று கூப்பிட ஒருவரும் இல்லாத பெண்மணி அவர். கல்முனையிலே, கலியாண வீட்டிலே, மறுபடியும் பிள்ளையானார். அவர் சேலைத் தலைப்பாலே முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். விருந்துக்கு நானும் போயிருந்தேன். அந்தப் பூசணிக்காயை நானும் ருசி பார்த்தேன்.

ஊர் திரும்புவதற்கு முன்னால் கடற்கரையிலே நின்று அவர் மீராப்பிள்ளையிடம் ஒன்று கேட்டார். "உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஊர் பேர் தெரியாமல் யாராவது வந்தால், போய்ப் பார்ப்பாயா?" "ஓம் ராத்தா" என்றார் இவர்.

அன்று முதல் போகிறார். கடலுக்குப் போகாத நாட்களிலே ஆஸ்பத்திரிக்குப் போகிறார். உறவு இல்லாமல் கிடப்பவர் எவரும் உண்டா என்று விசாரிக்கிறார். பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. இருந்தால், பக்கத்திலே உட்கார்ந்துகொள்கிறார்.

இந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு முதியவரைப் பஸ் நிலையத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். பேச்சு இல்லை. பெயர் இல்லை. முகத்தை மூடிய தாடி. மீராப்பிள்ளை சவர்க்காரமும் சவரக்கத்தியும் கொண்டுபோனார். "முகம் தெரிஞ்சாத்தானே பெத்த புள்ளைகளுக்கு அடையாளம் தெரியும்" என்று சொல்லி, நோகாமல் மழித்தார். வினோஜ் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மகன் பஸ் ஏறி ஓடிவந்தான். தகப்பனைக் கண்டதும் கட்டிலிலே விழுந்து அழுதான். பிறகு எழுந்து, மீராப்பிள்ளையின் காலைத் தொடக் குனிந்தான்.

இவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம் தம்பி. வாப்பாவக் கவனமாக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குச் சோறு இறங்குதில்ல. இடியப்பத்தப் பால்ல நனைச்சுக் குடுங்க."

பல தேசம் கடந்து, பல கடல் அளந்து, பல நூற்றாண்டு நடந்து வந்த ஒரு பெயருக்கு இதைவிடப் பொருள் சொல்ல என்னால் முடியாது. பட்டமாக இருந்தாலும், பாஸ்போர்ட்டிலே கடைசிச் சொல்லாக இருந்தாலும், பிள்ளை என்பது ஒருவரைப் பெற்றவர்களுக்கு உரியவராகக் காட்டுகின்ற சொல். பெயரே தெரியாத மனிதனும் யாரோ ஒருத்தியின் பிள்ளை. இதை மறந்து இரு சமூகத்தாரும் மோதிக்கொண்ட காலங்களிலே இந்தக் கரையிலே நாம் எவ்வளவு இழந்தோம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நினைத்திருந்த நேரங்களிலே எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்பதும் தெரியும். நினைத்திருப்போம். அவ்வளவே நான் கேட்பது.

அந்தத் தகப்பனையும் மகனையும் பஸ் ஏற்றிவிட்டு, மீராப்பிள்ளை அங்கேயே நின்று கொல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்திலே நான் நின்றேன். "ராத்தா, இண்டைக்கு ஒருத்தர் வீட்ட போறார்" என்றார். மறுமுனையிலே ஆசிரியை கேட்டார்: "கூட்டிட்டுப் போக வீட்டிலிருந்து ஆள் வந்ததா?"

"ஓம் ராத்தா. மகன் வந்தான்."

"நல்லது" என்றார் அவர். கோபன் இன்னும் வரவில்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண் துடைத்துக் கேட்ட தாய்மாருக்கும், தன் கதையைத் தந்துவிட்டுத் தலைகுனிந்து இருக்கும் மீராப்பிள்ளைக்கும், ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாருக்கும், மேடை தந்த வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடுபோய்ச் சேருங்கள். அல்லாஹ்வின் காவல். வணக்கம்.